நன்றியுரைப் பக்கத்தில் ஒரு ஸ்ரீ

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கடைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினேன். யாரும் கேட்கவில்லை. ஆங்கில நடைக் கையேடு ஒன்றை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் படித்து முடித்திருந்தேன். பட்டங்களையும் பதவிகளையும் எப்படி எழுதுவது என்று அதில் இருந்த பகுதி எனக்கு ரொம்பவே பிடித்துப்போனது. அதைச் சுருக்கி அடித்து, செலோடேப் போட்டு, என் நாற்காலிக்கு நேர் எதிரே ஒட்டிவிட்டேன்.

பெயருக்கு முன்னால் வரும் பதவிக்குப் பெரிய எழுத்து, அதாவது முதலெழுத்து கேபிடல். பெயருக்குப் பின்னால் வந்தாலும், பெயரே இல்லாமல் தனியாக வந்தாலும் சின்ன எழுத்து. முன்னால் டாக்டர் போட்டாயிற்றா, பின்னால் பிஎச்.டி. வேண்டாம். ஸ்ரீ, ஸ்ரீமதி, மிஸ்டர், மிசஸ் எல்லாம் வெறும் மரியாதை, எடுத்துவிடலாம். படித்து வாங்கிய பட்டம் மட்டும் நிற்கும். நாலே விதி. நாலு விதியில் ஊரையே ஒழுங்குபடுத்திவிடலாம் போலிருந்தது.

மைசூரில் ஒழுங்குபடுத்த நிறையவே இருந்தது. சரஸ்வதிபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து கடைக்கு ஸ்கூட்டரில் வருகிற வழியெல்லாம் கேட்டுக்குக் கேட்டு பெயர்ப்பலகை. ஓய்வுபெற்ற சூப்பரின்டெண்டிங் இன்ஜினியர். ஓய்வுபெற்ற ஜாயின்ட் டைரக்டர். ஒரு வீட்டில் பெயருக்கு முன்னால் புரொபசர் டாக்டர், பின்னால் எம்.ஏ., எம்.ஃபில்., பிஎச்.டி. ஒரே தலையில் இரண்டு மைசூர்ப் பேட்டாத் தலைப்பாகை கட்டிய மாதிரி. வண்டியை ஓட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மனதுக்குள் திருத்திக்கொண்டு போவேன். எங்கள் கேட்டிலும் ஒரு பலகை உண்டு. அப்பாவின் பெயர், அதன் கீழே ரயில்வேயில் அவர் கடைசியாக இருந்த பதவி, முதலெழுத்தெல்லாம் பெரிதாக. இதைச் சின்ன எழுத்தாக்க வேண்டும் என்று ஒருநாள் சொன்னேன்.

அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மாத்திக்கோ. மொதல்ல வீட்ட உன் பேருக்கு மாத்திக்கோ, அப்பறம் போர்டை மாத்து."

நான் வேலை பார்த்தது ஒரு தீசிஸ் கடையில். பல்கலைக்கழகத்துக்குப் போகும் சாலைகளில் ஒன்றில், ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு கடைக்கும் நடுவே இரண்டு அறை. முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர். ஆய்வேடுகளை அடிப்பது, ஆங்கிலம் திருத்துவது, பக்கம் அமைப்பது அங்கே. பின்னறையில் பைண்டிங் மேஜை. முதலாளியே பைண்டர். நான் எம்.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு எந்த வேலையிலும் மூன்று மாதத்துக்கு மேல் உட்காராமல் அலைந்துகொண்டிருந்த நேரம். இந்தக் கடை மட்டும் பிடித்திருந்தது. அடுத்தவர் எழுதியதில் கை வைக்கச் சம்பளம் தருகிற இடம் வேறெங்கே கிடைக்கும்?

முதலாளி கன்னடக்காரர். கடையில் எங்கள் பேச்சு முழுக்கக் கன்னடத்தில்தான், இங்கே தமிழில் தருகிறேன். என்னை 'மேடம்' என்று கூப்பிட்டுக்கொண்டே ஒருமையில் பேசுவார். சுவரில் ஒட்டிய தாளைக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"நன்றாக இருக்கிறது மேடம். ஒரு வரியை விட்டுவிட்டாய்."

"என்ன சார்?"

"நன்றியுரைப் பக்கத்தைத் தொடாதே. மற்றதெல்லாம் உன் இஷ்டம். அந்தப் பக்கம் நம்முடையது இல்லை."

காரணம் கேட்டதற்கு, "காரணம் எல்லாம் கிடையாது. இருபது வருஷமாக நாம் தொட்டதில்லை" என்றார். வேலையைக் குறைத்துக்கொள்ள ஒரு வழி என்று எனக்குள் முடிவு செய்துகொண்டேன். அந்த வரியை நான் எழுதிச் சேர்க்கவில்லை.

நன்றியுரைப் பக்கங்களைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஆய்வேட்டில் மற்றதெல்லாம் வழிகாட்டிக்காகவும் தேர்வாளருக்காகவும் எழுதியது. இது ஒன்றுதான் அவரவர் எழுதுவது. முதலில் கடவுள். அடுத்து வழிகாட்டி, அவருக்கு இருக்கிற பட்டம், பதவி அத்தனையும் தடித்த எழுத்தில். பிறகு துறைத்தலைவர், ஆசிரியர்கள், நூலகர், அலுவலகத்தார், நண்பர்கள், கணவனோ மனைவியோ. கடைசியில் 'அழகாகத் தட்டச்சு செய்து தந்த' எங்கள் கடை. அட்டையில் பல்கலைக்கழகம் சொன்ன வடிவத்தைத் தொட முடியாது. 'டாக்டர் ஆஃப் ஃபிலாசஃபி' எட்டூருக்குத் தெரிகிற மாதிரி பெரிய எழுத்தில் தங்கமுலாமில் நிற்கும். அது சட்டம், சரி. நன்றியுரைக்கு ஏது சட்டம்?

அந்த வருடம் ஆகஸ்டில் ஒரு அக்கா வந்தார். சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம், தமிழ் பேசுகிற மார்டள்ளி. கொள்ளேகாலில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரர். கிராமத்துப் பால் சங்கங்களில் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. ஏழு வருடம் ஆகியிருந்தது. சனிக்கிழமைதோறும் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து என் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். நான் திருத்தத் திருத்தப் பார்ப்பார்.

"ஏங்கண்ணு, அந்த வரியில என்ன தப்பு? எதுக்கு வெட்டறே?"

"தப்பில்லக்கா. நீளமா இருக்கு."

"பால் சங்கத்துப் பொம்பளைங்க அப்படித்தான் பேசுவாங்க, நீளமா. வெட்டுனா அவுங்க எனத்த சொன்னாங்கன்னே தெரியாது. வுடு."

விட்டுவிடுவேன். அரை மணி கழித்து அவரே, "சரி, வெட்டு. வழிகாட்டி மேடமும் நீளம்னுதான் சொன்னாங்க" என்பார். என் தமிழைக் கேட்டால் அவருக்குச் சிரிப்பு. "நீ கன்னடத்துல யோசிச்சுத் தமிழ்ல பேசி இங்கிலீஷ்ல திருத்தறே. உன்ற மண்டை எப்படித்தான் தாங்குதோ."

அவருக்குக் கொடுத்திருந்த கடைசி நாள் செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிக் கிடையாது. அந்த ஐந்து மணிக்குள் கட்டிய ஐந்து பிரதிகளையும் தேர்வுப் பிரிவில் கொடுத்து ரசீது வாங்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி நுழைவுத் தேர்வு, மறுபடி முதலிலிருந்து. அக்கா அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார், பையில் எதையோ தேடிக்கொண்டே. "முடியலீன்னா மறுக்கா பண்ண மாட்டேன் கண்ணு. அவ்வளவுதான் எனக்கு."

வியாழக்கிழமை மத்தியானம் எல்லா அத்தியாயமும் தயார். அக்கா கொள்ளேகாலில் வகுப்பில் இருந்தார். அச்சுக்குக் கொடுக்கும் முன் கடைசியாக ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன். ஐந்து அத்தியாயமும் என் சுவர்த் தாளுக்குக் கட்டுப்பட்டு நின்றன. முன்னால் நன்றியுரை, அந்த ஒரு பக்கம் மட்டும் பெரிய எழுத்துகளால் துருத்திக்கொண்டிருந்தது. முதலாளி டீ குடிக்கப் போயிருந்தார்.

மூன்று நிமிட வேலைதான். வழிகாட்டியின் பிஎச்.டி.யை எடுத்தேன், முன்னால் டாக்டர் இருந்தது. துறைத்தலைவருக்குப் பின்னால் இருந்த பதவியைச் சின்ன எழுத்தாக்கினேன், முன்னால் புரொபசர் நின்றது. ஆசிரியர்கள் எல்லாரும் டாக்டர்கள். நூலகரும் டாக்டர். கடைசிக்கு முந்தைய வரியில் துறையின் அட்டெண்டர். 'என் காகிதம் ஒவ்வொன்றையும் சேர வேண்டிய மேஜைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்' என்று அக்கா அவரைப் பற்றி எழுதியிருந்தார். பெயருக்கு முன்னால் இருந்த ஸ்ரீயை எடுத்தேன். பின்னால் இருந்த 'அட்டெண்டர்' என்பதன் முதலெழுத்தைச் சின்னதாக்கினேன். பக்கம் சுத்தமாகிவிட்டது. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கமாவை நகர்த்தினால் சொல்லிக்கொண்டா இருப்போம்?

சாயந்திரம் முதலாளி ஐந்து பிரதியையும் கட்டினார். கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து. வெள்ளி காலை அக்கா வந்து வாங்கிக்கொண்டார். முதல் பிரதியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, "பசை வாசம்" என்று சிரித்தார். ஆட்டோவில் ஏறித் துறைக்குப் போனார்.

மணி ஒன்றிருக்கும். நான் டப்பாவைத் திறந்து புளியோதரையில் கை வைத்திருந்தேன். கடை வாசலில் ஆட்டோ நின்றது. அக்கா ஐந்து பிரதியையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினார்.

"சப்மிட் பண்ணியாச்சாக்கா?"

ஒரு பிரதியை என் கீபோர்டின் மேலேயே வைத்து, அந்தப் பக்கத்தைத் திறந்தார். விரலை வைத்தார்.

"இதை யாரு பண்ணுனது?"

"நான்தான். ஏன்க்கா? ரூல்படிதான்..."

"உன்னையக் கேட்டனா? ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமா இல்லியா?"

நடந்ததை விட்டு விட்டுச் சொன்னார். துறையில் பிரதிகளை வாங்கிக்கொண்டு வழிகாட்டியிடமும் தலைவரிடமும் கையெழுத்துக்குக் கொண்டுபோனவர் அந்த அட்டெண்டர்தான். எந்த ஆய்வேடு வந்தாலும், உள்ளே கொண்டுபோகும் முன் நன்றியுரைப் பக்கத்தைத் திறந்து தன் வரியைப் பார்ப்பது அவர் வழக்கம். துறையில் எல்லாருக்கும் தெரியும், கேலியும் செய்வார்கள். அன்றும் திறந்தார். விரல் மேலிருந்து கீழே வந்தது. தன் பெயரில் நின்றது. மறுபடி மேலே போய் ஒவ்வொரு பெயராகத் தொட்டுக்கொண்டு இறங்கியது. பிறகு மூடிவிட்டு, "வாம்மா, கையெழுத்து வாங்கிடலாம்" என்று போய்விட்டார். அரை மணியில் எல்லாக் கையெழுத்தும் வாங்கித் தந்துவிட்டார். தேர்வுப் பிரிவு மட்டும்தான் பாக்கி.

"அவரு ஒண்ணுமே சொல்லலையே அக்கா. மொதல்ல போய்க் கொடுத்துருங்க. மணி ஒண்ணுதான் ஆகுது."

"சொல்லலீன்னா? அவருக்கு அந்த வேலை நிரந்தரமாக எத்தனை வருசம் ஆச்சுன்னு தெரியுமா உனக்கு? பதினொண்ணு. எனக்காவது ஏழுதான். இந்தப் பக்கத்துல இருக்கற அத்தனை பேருக்கும் தலைக்கு மேல ஒண்ணு இருக்குது. அவருக்கு மட்டும் இல்லை. இதக் கொண்டுபோய்க் கொடுத்துட்டா லைப்ரரியில இப்படியே கிடக்கும், நானும் அவரும் செத்த பொறவும்." நாற்காலியில் உட்கார்ந்தார். "மாத்திக் குடு. நான் எழுதுனது எப்படியோ அப்படி."

சுத்தப்படுத்தியதாக நினைத்த பக்கத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். அக்கா சொன்னது அப்படியே கண்ணெதிரே இருந்தது. என் விதியில் தப்பில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் போட்டிருந்தேன். பட்டம் இல்லாதவர் ஒருவர் மட்டும் வரிசையில் வெறும் தலையோடு நின்றிருந்தார்.

முதலாளி பின்னறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். என்னைத் திட்டவில்லை. வந்து பிரதியின் முதுகை ஒரு முறை வளைத்துப் பார்த்தார்.

"பிரித்துக் கட்ட நேரமில்லை. தாளை வெட்டி ஒட்டலாம். ஒரே தாள்தானே? மேடம், பழையதை வைத்திருக்கிறாயா, அதையும் சுத்தம் செய்துவிட்டாயா?"

நல்லவேளை, புதன்கிழமை அக்காவுக்கு அனுப்பிய பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் இருந்தது. அதே பக்கத்தை அதே கெட்டித் தாளில் ஐந்து எடுத்தேன். முதலாளி ஸ்டீல் ஸ்கேலை உள்விளிம்பில் வைத்து, அரை விரல் அகலத்துக்குத் தாளின் ஓரத்தை விட்டுவிட்டு மிச்சத்தைக் கத்தியால் ஒரே இழுப்பில் எடுத்தார். விட்டிருந்த ஓரத்தில் பசை தடவிப் புதுத் தாளை உட்காரவைத்தார். பிறகு பிரஸ்ஸில் வைத்துத் திருகினார். ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும். ஒன்றுக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். அவசரப்பட்டால் தாள் நெளிந்துவிடும்.

அக்கா முதல் பிரதியிலிருந்து ஐந்தாவது பிரதிவரை சுவர்க் கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். என் புளியோதரையை அவர் பக்கம் நகர்த்தினேன். இரண்டு வாய் சாப்பிட்டார். அந்த இரண்டரை மணி நேரத்தில் என்னிடம் பேசியது ஒன்றுதான். "உப்புக் கம்மி."

ஆட்டோ கிடைக்கவில்லை. மூன்று ஐம்பதுக்கு என் ஸ்கூட்டரின் பின்னால் அக்கா, மடியில் ஐந்து பிரதிகள். தசராவுக்கு முந்தைய வாரங்கள். மாலையில் யானைகளை நடக்க விட்டுப் பழக்குவார்கள். சயாஜி ராவ் சாலை நின்றுவிடும், அதில் போக முடியாத வண்டியெல்லாம் எங்கள் பக்கம் திரும்பிவிடும். சந்து சந்தாகப் புகுந்து தேர்வுப் பிரிவை அடைந்தபோது மணி நாலு பதினைந்து.

கவுண்டரில் இருந்த அம்மாள் பிரதிகளை நிதானமாகப் புரட்டினார். சான்றிதழ், கையெழுத்து, நூலகத்தின் சான்று எல்லாம் சரி. விரல் அந்தப் பக்கத்தில் தடுக்கியது. ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஒட்டிய தாளா?" என்றார் கன்னடத்தில்.

"நன்றியுரை மட்டும்தான் மேடம்" என்றேன் நான் முந்திக்கொண்டு. "ஒரு சின்னத் திருத்தம்."

"எந்தத் தாளாக இருந்தாலும் சரி. கட்டிய பிறகு மாற்றினால் துறைத்தலைவர் எழுதித் தர வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் துறை முத்திரை வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு யார் எதை மாற்றினார்கள் என்று என்னைத்தான் கேட்பார்கள்."

அவர் சொன்னது நியாயம்தான். அதுதான் கஷ்டம். அக்கா எதுவும் வாதாடவில்லை. போனை எடுத்து அட்டெண்டரைக் கூப்பிட்டார். துறைத்தலைவரை அங்கே சேர்மன் என்பார்கள்.

"அண்ணா, சேர்மன் சார் இருக்காருங்களா? ... கிளம்பிட்டாருங்களா? ... இல்லீங்ணா, நன்றியுரைப் பக்கம். ஒரு தாளு மாத்திப் போட்டேன். அஞ்சு காப்பியிலும். லெட்டரும் சீலும் கேக்கறாங்க." சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரிங்ணா." போனை வைத்துவிட்டு என்னிடம், "சேர்மன் சாரு காரு வரைக்கும் போயிட்டாராமா. அண்ணன் புடிக்கறேங்கறாரு" என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் மூன்று முறை எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மூன்றாவது முறை அக்கா, "நீ நடந்தா அவரு வெரசா வந்துருவாரா? உக்காரு" என்றார். நாலு முப்பத்தைந்து. நாலு நாற்பது. இன்னும் இருபது நிமிடம் போனால் ஒருவருடைய ஏழு வருடத்தை நான் மூன்று நிமிடத்தில் காலி செய்திருப்பேன்.

நாலு நாற்பத்து மூன்றுக்கு ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் அட்டெண்டர், கன்னடம் கலந்து பேசுகிற மைசூர்த் தமிழர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். காக்கி இல்லை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கையில் துணிப்பை. அதிலிருந்து துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதம், வட்ட முத்திரை, மை டப்பா எல்லாம் வரிசையாக வெளியே வந்தன.

"எந்தப் பக்கம்மா? சீக்கிரம் காட்டு."

அக்கா திறந்தார். அவர் முத்திரையை மையில் அழுத்திவிட்டுக் குனிந்தவர், அப்படியே நின்றார். பக்கத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார்.

"இதுக்கா?"

அக்கா அடுத்த பிரதியிலும் அதே பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"ஏம்மா, புத்தி இருக்கா உனக்கு? ஒரு ஸ்ரீக்காக ஏழு வருஷத்த ரோட்டுல நிறுத்துவியா? நான் கேட்டேனா? பன்னண்டு மணிக்கே கையெழுத்து வாங்கிக் குடுத்தேன், நேரா இங்க வராம சும்னே ஊரச் சுத்திட்டு வந்து நிக்கற!" கோபம் நிஜம்தான். சத்தத்தில் கவுண்டர் அம்மாள் தலையைத் தூக்கினார். "ஆமா, பார்த்தேன். எல்லாருக்கும் இருந்தது, எனக்கு இல்ல. சரி, இங்கிலீஷ்ல அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். அவரும் என் பக்கம் திரும்பினார்.

"நீதான் திருத்தறவளா? நீயே சொல்லு. இங்கிலீஷ்ல அப்படித்தானா?"

என் சுவர்த் தாளின்படி பதில் ஒரே சொல்.

"புஸ்தகத்துல அப்படித்தாண்ணா இருக்கு. அக்கா ஸ்ரீ போட்டுத்தான் எழுதியிருந்தாங்க. அவங்களக் கேட்காம நான்தான் எடுத்தேன்."

"மத்தவங்களுக்கு மட்டும் ஏன் எடுக்கல?"

"அது படிச்சு வாங்கின பட்டம்..."

"நானும் வாங்கினதுதான். பதினொரு வருஷம் டெய்லி வேஜஸ். ஆர்டர் வந்த அன்னைக்கு அதுல பேருக்கு முன்னால ஸ்ரீ போட்டிருந்தது. அதுவரைக்கும் கூலி ரிஜிஸ்டர்ல வெறும் பேருதான்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்பறமா, ஆமேலே பேசிக்கலாம். தாளப் பிடி, நகராம."

நான் பக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். ஒட்டிய ஓரத்தின் மேல், பாதி பழைய தாளிலும் பாதி புதுத் தாளிலும் விழுகிற மாதிரி முத்திரையை அழுத்தினார். ஐந்து முறை. ஒன்றுகூடக் கலங்கவில்லை. கடிதத்தைக் கவுண்டருக்குள் நீட்டி, கன்னடத்தில் மிக மரியாதையாக, "எழுதிக்கொள்ளுங்கள் மேடம், இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது" என்றார்.

நாலு ஐம்பத்தாறுக்கு ரசீது வந்தது. கம்ப்யூட்டரில் அடித்தது. அக்காவின் பெயருக்கு முன்னால் ஸ்ரீமதி, அதுவும் எல்லாம் பெரிய எழுத்தில். அக்கா அதை இரண்டு முறை படித்து, நாலாக மடித்து, பர்ஸின் உள்ஜிப்பில் வைத்தார். அண்ணன் வெளியே கடையில் மூன்று டீ சொன்னார். டீயைக் குடித்து முடிக்கும்வரை அக்காவைத் திட்டிக்கொண்டேயிருந்தார். அக்கா தலையாட்டிக்கொண்டேயிருந்தார்.

பஸ் ஸ்டாண்டில் அக்காவை இறக்கிவிட்டேன். வழியில் நான் மன்னிப்புக் கேட்டது ஹெல்மெட்டுக்குள் எவ்வளவு கேட்டதோ தெரியாது. இறங்கியதும் ஹெல்மெட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினார், பலமாகவே. "அடுத்த தடவை கேளு கண்ணு. கேட்டா வாயா தேஞ்சுரும்?"

திங்கட்கிழமை கடைக்குப் போனபோது சுவர்த் தாளைக் கிழிக்கலாமா என்று யோசித்தேன். கிழிக்கவில்லை. அத்தியாயங்களுக்கு அது இன்னும் சரிதான். அடியில் பேனாவால் ஐந்தாவதாக ஒரு வரி எழுதினேன், முதலாளி முதல் வாரம் சொன்னதை. அவர் பார்த்தார். "கையெழுத்து கோழி கிறுக்கியது போலிருக்கிறது" என்றார், அவ்வளவுதான்.

வாய்மொழித் தேர்வு எட்டு மாதம் கழித்து நடந்தது. யாரும் வந்து கேட்கலாம் என்பதால் நானும் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பால் சங்கப் பெண்களின் பேச்சை ஏன் அவ்வளவு நீளமாகக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். "அவர்கள் அப்படித்தான் பேசினார்கள்" என்று அக்கா ஆங்கிலத்தில் சொன்னார். நான் வெட்டியது போக மிச்சமே அவ்வளவு. ஒரு மணி நேரத்தில் முடிந்தது. தேர்வாளர்கள் எழுந்து கை கொடுத்தார்கள், பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார்கள்.

பரிந்துரைதான். பட்டம் அன்று கிடைத்துவிடாது. பல்கலைக்கழகத்தின் அறிவிப்பு வர இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை பெயருக்கு முன்னால் டாக்டர் போடக் கூடாது. இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் மைசூரில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

வெளியே வந்தோம். வராந்தாவில் துறையின் கரும்பலகை. காலையில் அதில் வாய்மொழித் தேர்வின் நேரமும் ஆய்வாளரின் பெயரும் எழுதியிருந்தது. அண்ணன் டஸ்டரால் நேரத்தை அழித்துக்கொண்டிருந்தார். பெயரை அழிக்கவில்லை. அதற்கு முன்னால் சாக்பீஸால் எதையோ எழுதிவிட்டு ஒதுங்கி நின்றார்.

அக்கா பார்த்துவிட்டுப் பதறினார். "அண்ணா, நோட்டிஃபிகேஷன் இன்னும் வரலீங்ளே! யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"வர்றப்ப வரட்டும். போர்டு என் பொறுப்பு. நான்தான எழுதறேன், நீயா எழுதற?" என் பக்கம் திரும்பினார். "என்னம்மா, சரியா இருக்கா?"

ஆங்கிலத்தில் டாக்டர்; டி, ஆர் இரண்டுமே பெரிய எழுத்து. புள்ளி இல்லை. அக்காவின் பெயரைவிட அது ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. சாக்பீஸ் பலகையின் விளிம்பில், என் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது.

"சரியா இருக்குண்ணா" என்றேன்.